பழைய வண்டி

மனிதன் செய்யும் முடிவுகளில் எது பெரியது, எது சிறியது என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது பெரிய விஷயம் என்று நினைக்கிறோம். அது பல வீடுகளில் பஜ்ஜி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. வாசலில் நிற்கும் பழைய காரை வைத்துக்கொள்வதா, தள்ளிவிட்டுப் புதியது வாங்குவதா என்பது சின்ன விஷயம். அதற்கு எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

அந்த இரண்டு வருஷமும் நான் வண்டியைப் பற்றி யோசித்ததாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையில் என்னைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

வண்டி 1998-ஆம் வருஷம் என் தகப்பனார் வாங்கியது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை அதில் போட்டார். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் எங்கள் வீட்டு வாசலில் அது நிற்கும். சித்திரைத் தேருக்கு முதல் நாள் மட்டும் அதை வேறு தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வருவார். "பெரிய வண்டி வருதுன்னா சின்ன வண்டி ஒதுங்கணும்டா" என்பார். என் தங்கையைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனது அந்த வண்டியில்தான். நான் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதில்தான். 2016-ல் ஒரு நாள் இரவு அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் அதில்தான். அவர் திரும்பி வரவில்லை. வண்டி திரும்பி வந்தது.

இப்படிப்பட்ட ஒரு சாமானை விற்பது என்றால் யாருக்கும் மனசு வராது. எனக்கும் வரவில்லை.

ஆனால் சர்க்காருக்கு இந்த மாதிரி மனசு கிடையாது. தனியார் காரின் முதல் பதிவு 15 வருஷம்தான் செல்லும். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 2013-ல் அப்பா புதுப்பித்தார். 2018-லும் 2023-லும் நான் புதுப்பித்தேன். கார்களுக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அதையும் 10,000 ஆக்கினார்கள். "கிழவனை வீட்டில் வைத்துக்கொள்ள வருஷத்துக்கு வருஷம் வாடகை ஏறுகிறது" என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன். அப்படிச் சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமை இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லோரும் மூன்று வருஷத்துக்கு ஒரு வண்டி மாற்றுகிறார்கள். நான் மட்டும் விசுவாசமாக இருக்கிறேன் என்ற பெருமை.

அந்தப் பெருமை ஓர் ஐப்பசி மாலையில் உடைந்தது.

திருச்சியில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு, சத்திரம் பேருந்து நிலையத்தைத் தாண்டி, காவிரிப் பாலத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தேன். மாம்பழச் சாலை முனையில் முன்னால் போன பஸ் நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். காலுக்கு அடியில் எதிர்ப்பே இல்லை. சேற்றில் கால் வைத்ததுபோல் பெடல் தரை வரைக்கும் போயிற்று. ஸ்டீரிங்கை ஒடித்துக் கைப்பிரேக்கை இழுத்தேன். வண்டி சாலையோரமாகச் சாய்ந்து, பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாளின் கூடையைத் தள்ளிவிட்டு நின்றது. அந்த அம்மாளுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி இருந்தது.

நான் இறங்கி ஓடினேன். அவள் நெஞ்சில் கையை வைத்தபடி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "என்ன சாமி, பாத்து வரக் கூடாதா? எனக்கு இன்னும் ஒரு பொண்ணு இருக்கு கட்டிக்கொடுக்க" என்றாள். அவ்வளவுதான். பணம் கொடுத்தேன், மண்ணில் விழுந்த பூவுக்கு மட்டும் கணக்குப் பண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கூடையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு மறுபடியும் தொடுக்க ஆரம்பித்தாள். அவள் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பாலக்கரையில் எங்கள் மெக்கானிக்கிடம் போனேன். அவர் வயதில் என் அப்பாவுக்குக் கொஞ்சம் இளையவர். அப்பா அவரைப் 'பாய்' என்று கூப்பிடுவார், நானும் அப்படித்தான். பிரேக்கின் தலைமை உருளையைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நைந்துபோயிருந்தது. முன்சக்கரத்துக்குப் போகிற குழாயிலும் வெடிப்பு.

"போன சித்திரையிலேயே சொன்னேன் சார். இதையெல்லாம் மாத்திடுங்கன்னேன். அடுத்த மாசம் வரேன்னுட்டுப் போனீங்க."

அவர் குற்றம் சாட்டவில்லை; நடந்ததைச் சொன்னார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று இரவு இன்ஷூரன்ஸ் காகிதத்தைத் தேடி, வண்டியின் முன்பெட்டியிலிருந்து எடுத்து வந்த சாமான்களைக் கூடத்தில் கொட்டினேன். அதில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அப்பாவின் கையெழுத்து. தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த பணம் என்று நான்கு கட்டம். என்ஜின் ஆயில் மாற்றியது, சக்கரங்களை இடம் மாற்றியது, விசிறி வார் மாற்றியது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தவறாமல், 'பிரேக் ஆயில் புதிது'.

பிரேக் ஆயில் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை, எனக்கும் தெரியாது. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்துக்கொள்கிற திரவம். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது உள்ளே ஆவி உண்டாகி, பெடல் வெறுமனே போகும். உலோகமும் உள்ளே துருப்பிடிக்கும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நடக்கும். அதனால்தான் ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். என் தகப்பனார் மெக்கானிக் இல்லை. ஆனால் யாரோ சொன்னதைக் கேட்டு எழுதிவைத்து, எழுதியபடி செய்திருக்கிறார்.

கடைசி வரி 2016 மாசியில் எழுதியது. அதற்குப் பிறகு வெள்ளைத் தாள்.

அப்பாவின் ஞாபகமாக வண்டியை வைத்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நான், அவர் அந்த வண்டிக்குச் செய்துவந்த ஒன்றைக்கூடச் செய்யவில்லை. அந்த நோட்டுப் புத்தகத்தை மூடும்போது, மாம்பழச் சாலையில் உணர்ந்ததைவிட அதிகமாக வெட்கப்பட்டேன்.

இனி முடிவு செய்தே ஆகவேண்டும் என்று ஆயிற்று. பாங்கில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார். "உணர்ச்சியை விடு, கணக்கைப் பார்" என்றார். புதிய கார் எட்டு லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்ஷூரன்ஸ்காரர்களின் அட்டவணையே அதன் மதிப்பை முதல் ஆறு மாதத்தில் 5 சதவிகிதம் குறைக்கிறது; ஒரு வருஷத்துக்குள் 15; நாலு வருஷத்தைத் தாண்டினால் 50. ஐந்தாவது வருஷத்தில் நாலு லட்சம் காற்றில் போய்விடும். வருஷத்துக்கு 80,000 ரூபாய். கடனுக்கு வட்டி தனி. என் பழைய வண்டிக்குப் பழுது பார்க்க ஆன செலவு, தாராளமாகப் போட்டாலும், வருஷத்துக்கு 35,000 ரூபாயைத் தாண்டவில்லை.

"பேசாமல் வைத்துக்கொள்" என்று பேனாவை மூடினார் நண்பர்.

கணக்கு என் பக்கம் இருந்தது. ஆனாலும் எனக்கு நிம்மதி உண்டாகவில்லை. ஏனென்றால் அந்தக் கணக்கில் பூக்காரியின் பெயர் எந்த இடத்திலும் வரவில்லை.

இங்கே கொஞ்சம் பழைய கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். 'எங்கள் காலத்தில் ஒரு வண்டி வாங்கினால் ஆயுசுக்கும் அதுதான்' என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மை. ஆனால் அவர்களுக்கு வேறு என்ன வழி இருந்தது? சுதந்திரத்துக்குப் பிறகு பல வருஷங்களுக்கு இந்த நாட்டில் கார் என்றால் அம்பாஸிடர், பியட், ஸ்டாண்டர்டு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். ஸ்கூட்டருக்கும் அதே கதி. 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகுதான் கொஞ்சம் காற்று வீசியது. 1990-களில்தான் கதவு திறந்தது. கியூபா தேசத்தில் 1950-களின் அமெரிக்கக் கார்கள் இன்னமும் ஓடுகின்றன. பார்க்கிறவர்களுக்கு அது அழகு. ஆனால் அந்த ஊர்க்காரன் அதை ஆசைப்பட்டா வைத்திருந்தான்? புதியது வர வழியில்லாமல் வைத்திருந்தான்.

வேறு வழியில்லாதபோது செய்வதைக் குணம் என்று சொல்ல முடியாது, அது நிர்ப்பந்தம். நமக்கு இன்று இரண்டு வழியும் திறந்திருக்கின்றன. ஆகவேதான் இது இப்போது தர்மத்தைப் பற்றிய கேள்வியாகிறது. பழையதை வைத்திருந்தால் ஏன் வைத்திருக்கிறோம் என்று பதில் சொல்ல வேண்டும். புதியதை வாங்கினாலும் ஏன் என்று பதில் சொல்ல வேண்டும்.

புதியது வாங்குகிறவனைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு வண்டி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாண மண்டபத்து வாசலில் இறங்கும் அந்த அரை நிமிஷத்துக்காக ஏழு வருஷம் தவணை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல வண்டி ஒன்றை ஓரம் கட்டிவிட்டு இன்னொன்று செய்வது உலகத்துக்கும் நஷ்டம்தான். ஒரு சிறிய கார் 800 கிலோவிலிருந்து 1,000 கிலோ வரைக்கும் எடை உள்ளது. அவ்வளவு இரும்பையும் மற்றதையும் எங்கோ பூமியைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் பழையதை வைத்திருக்கிறவனுக்கும் ஒரு சபலம் உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. சோம்பலுக்கு எளிமை என்று பெயர் வைத்துக்கொள்வது. கையிறுக்கத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொள்வது. எனக்கு இருந்த சபலம் அதுதான்.

சரி, 'அப்பாவின் வண்டி' என்று எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்? யோசித்துப் பார்த்தால் அதன் சக்கரங்கள் அப்பா காலத்தவை அல்ல. பேட்டரி ஆறாவது. கிளட்ச் இரண்டு முறை மாறிவிட்டது. இருக்கைத் துணி, முன்கண்ணாடி, சைலென்ஸர் எல்லாம் பிறகு வந்தவை. இந்தக் கேள்வியை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். மிலிந்த மன்னன் ரதத்தில் ஏறி நாகசேனர் என்ற பௌத்தத் துறவியைப் பார்க்க வந்தானாம். 'நீ வந்த ரதம் எது? சக்கரமா, அச்சா, நுகமா?' என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்றுதான் அவன் சொல்ல முடிந்தது. இவை எல்லாம் சேர்ந்திருப்பதற்கு வைத்த பெயரே ரதம் என்ற இடத்துக்கு அவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

என் வண்டியிலும் தகப்பனார் எந்த உறுப்பில் இருந்தார்? எந்த உறுப்பிலும் இல்லை. அந்த உறுப்புகளைத் தேதி பார்த்து மாற்றிக்கொண்டிருந்த கவனத்தில் இருந்தார். அதை நான் 2016-லேயே விட்டுவிட்டேன்.

இதற்குத் திருச்சிக்காரர்கள் தூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1920-களில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்த பொன்மலை ரயில்வே தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலை ஏறும் நீராவி என்ஜின்கள் சுவிட்ஸர்லாந்தில் செய்தவை. முதலாவது 1914-ஐச் சேர்ந்தது, கடைசியாக வந்தவை 1952-ஐச் சேர்ந்தவை. அவற்றைப் பழுது பார்த்து ஓடவைத்தது பொன்மலை. பழசாகி முடியாமற்போன நிலையில், அவை அழகாக இருக்கின்றன என்று அப்படியே மலை ஏற விட்டுவிடவில்லை. 2011-லிருந்து 2014-க்குள் அதே மாதிரியில், எண்ணெயில் எரியும் நான்கு புதிய என்ஜின்களைச் செய்து அனுப்பினார்கள். 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் செய்தார்கள். 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பெயர் வாங்கிய ரயில் அது. அந்தப் பாரம்பரியம் இரும்பில் இல்லை, வேலை தெரிந்த கைகளில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தேரையே பாருங்கள். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு சுமார் 96 அடி உயரம், 300 டன் எடை என்று சொல்வார்கள். இவ்வளவு பெரியதை நிறுத்துவதும் திருப்புவதும் முன்பெல்லாம் முட்டுக்கட்டையை நம்பித்தான். சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுக்கிறவனுடைய கை, கால் எல்லாம் அந்த ஒரு நொடியில் இருந்தது. பிற்பாடு அந்தத் தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன. செய்து பொருத்தியது திருவெறும்பூர்ப் பக்கத்திலுள்ள பெல் தொழிற்சாலை. முட்டுக்கட்டை இன்றும் உண்டு, பிரேக்கும் உண்டு. 'பெரியவர்கள் காலத்தில் பிரேக்கா இருந்தது?' என்று யாரும் அதைக் கழற்றி எறியவில்லை. ஸ்வாமி எழுந்தருளும் வண்டிக்கே பிரேக் வேண்டும் என்றால், என் தகப்பனாரின் வண்டிக்கு வேண்டாமா?

பழைய சாமான் ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு அதன் சொந்தக்காரனுடைய ஆசை மட்டும் போதாது. அதற்கு எதிரே நிற்கிறவனுடைய உயிரையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வீட்டுக் கூடத்தில் இருக்கும் பழைய ஊஞ்சலோ கடிகாரமோ என்றால் அது என் இஷ்டம். சாலையில் போகும் வண்டி என் இஷ்டம் மட்டும் அல்ல. அது ஊரார் நடுவே போகிறது. ஊரார் மூச்சு விடுகிற காற்றில் புகை விடுகிறது. என் வண்டி 2000-ல் வந்த புகை விதிமுறைகளுக்கும் முந்தியது. 2020 ஏப்ரலில் வந்த ஆறாம் கட்ட விதிகளோடு அதை ஒப்பிடவே முடியாது. பின்னிருக்கையில் பெல்ட் இல்லை. மோதினால் விரிந்து காக்கும் காற்றுப் பை இல்லை. ஓட்டுகிறவருக்கு அது கட்டாயமானது 2019 ஜூலையில்தான். வழுக்கும் சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். பிரேக்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் 2019 ஏப்ரலில்தான் கட்டாயமாயிற்று. இவை இல்லாத வண்டியின் பின்னிருக்கையில்தான் என் குழந்தைகள் உட்கார்ந்து மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் வந்துகொண்டிருந்தார்கள்.

அப்படியானால் பழையவை எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? அதுவும் இல்லை. ஸ்ரீரங்கத்தார் தினமும் பார்க்கும் இரண்டு பாலங்கள் எனக்கு இதற்குப் பதில் சொல்லின.

தெற்கே காவிரிப் பாலம் 1976-ல் திறந்தது. கண்களுக்கு நடுவிலுள்ள இணைப்புகளும், மேல்தளத்தைத் தாங்கும் தாங்கிகளும் தேய்ந்துபோயின. 2022 செப்டம்பரில் போக்குவரத்தை நிறுத்தி, அவற்றையெல்லாம் மாற்றி, 2023 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். ஆறு மாதம் நாங்கள் சுற்றுவழியில் போய் வந்து முணுமுணுத்தோம். ஆனால் பாலம் பிழைத்தது.

வடக்கே கொள்ளிடத்தில் 1928-ஆம் வருஷத்து இரும்புப் பாலம் இருந்தது. அதைத் தட்டிக்கொட்டிக் காலம் தள்ளுவது இனிச் சரிப்படாது என்று பக்கத்திலேயே புதியது கட்டி 2016-ல் திறந்தார்கள். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. பழைய பாலத்தின் தூண்கள் சரிந்து ஆற்றில் விழுந்தன. அதன்மேல் அன்றைக்கு ஒரு வண்டியும் போகவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பே அதற்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. மரியாதையோடு ஓய்வு கொடுப்பது என்றால் அதுதான். விழுவதற்கு முன்னால் கொடுப்பது.

ஒன்றைச் செப்பனிட்டார்கள், ஒன்றை ஒதுக்கினார்கள். இரண்டுமே சரி. பழையது, புதியது என்பதா அங்கே கேள்வி? இதைச் செப்பனிட்டால் பாரம் தாங்குமா, தாங்காதா என்று இறங்கிப் பார்த்தார்களே, அதுதான் விஷயம். நான் இறங்கியே பார்க்கவில்லை.

ஆகவே பாயிடம் போய், "பிரேக்கை மட்டும் இல்லை, வண்டியை முழுக்கப் பார்த்துச் சொல்லுங்கள். மறைக்காமல் சொல்லுங்கள்" என்றேன். அவர் வண்டியைத் தூக்கிவைத்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அடியில் படுத்திருந்தார். பிறகு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பின்சக்கரத்தைத் தாங்கும் இடத்தில் ஒரு திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினார். இரும்பு அப்பளம்போல் நொறுங்கி உதிர்ந்தது.

"இதுக்கு மேல தகடு வெச்சுப் பத்தவெச்சு, பெயின்ட் அடிச்சுக் குடுத்துடலாம். பாக்க நல்லா இருக்கும். பத்தவெக்கிற இடத்துக்குப் பக்கத்துல இரும்பே இல்ல சார். நான் செய்ய மாட்டேன்" என்றார்.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே, "பெரியவர் இருந்தா இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டார்" என்றார். அதையும் குற்றமாகச் சொல்லவில்லை.

முடிவு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை வந்தது. தரகர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு 45,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். "ஒரு பையன் கேட்டுக்கிட்டிருக்கான் சார். பள்ளிக்கூடப் பிள்ளைங்களக் கொண்டுபோய் விடறதுக்கு. பெயின்ட் அடிச்சா போதும்" என்றார்.

சட்டப்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் கேட்டதற்கு, எடை போட்டு 22,000 ரூபாய் என்றார்கள். வித்தியாசம் 23,000. நான் உடனே தரகரைத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அது பொய். ஒரு ராத்திரி முழுவதும் யோசித்தேன். அடியிலிருக்கும் துருவைச் சொல்லிவிட்டு விற்றால் என் பொறுப்பு தீர்ந்துவிடாதா என்று எனக்கு நானே வாதாடினேன். வாங்குகிறவன் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே! ஆனால் அந்தப் பிள்ளைகள் பார்த்தா ஏறப்போகிறார்கள்? என் குழந்தைகளை இனி ஏற்ற மாட்டேன் என்று தீர்மானித்த வண்டியில் ஊரார் குழந்தைகளை ஏற்றிவிட்டு, நான் மட்டும் புதிய வண்டியில் போவதா?

பழையதைக் கழிப்பதில் இருக்கும் பெரிய தந்திரம் இதுதான். நம்மிடமிருந்த ஆபத்தை நம்மைவிட ஏழையானவன் தலையில் கட்டி, அதற்குப் பணமும் வாங்கிக்கொள்கிறோம். அவனிடம் பணம் இல்லை என்பதுதான் அவன் செய்த ஒரே தவறு.

காலையில் அம்மாவிடம் சொன்னேன். அம்மாதான் அந்த வண்டியைத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தவள். "கொடுத்துடுடா. அவர் போனதுக்கப்புறம் அவர் சட்டையை எல்லாம் தானம் பண்ணினோம். கிழிஞ்ச சட்டையை யாருக்காவது கொடுத்தோமா?" என்றாள்.

வண்டியை உடைப்பு நிலையத்தில் விட்டு, பதிவை ரத்து செய்து, காகிதம் வாங்கிக்கொண்டு வந்தேன். கழற்றி எடுத்துக்கொண்டது ஒன்றுமில்லை. நீல நோட்டு மட்டும்.

வாங்கியது என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். முற்றிலும் புதியது வாங்கவில்லை. 2020-ல் ஒருவர் வாங்கி, ஜாக்கிரதையாக ஓட்டிய ஒரு சிறிய கார். இரண்டு காற்றுப் பை, ஏ.பி.எஸ்., பின்னால் பெல்ட் எல்லாம் உண்டு. மதிப்பில் பாதி நஷ்டத்தை முதலில் வாங்கியவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று பாங்கு நண்பருக்குச் சந்தோஷம். பாய் அதன் அடியில் ஒரு மணி நேரம் படுத்திருந்து பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். திருச்சிக்குள் தனியாகப் போவது என்றால் இப்போது பெரும்பாலும் ஒன்றாம் நம்பர் பஸ்தான்.

என் முடிவு எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் 1980-களில் வாங்கிய ஸ்கூட்டரை இன்றும் ஓட்டுகிறார். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்துத் துடைத்துப் பூட்டுகிறார். பிரேக் கம்பியைத் தொட்டுப் பார்க்காமல் தெருவில் இறங்குவதில்லை. அந்த ஸ்கூட்டரை மாற்றச் சொல்ல எனக்கு வாய் வராது. அவரிடம் இருப்பது பழைய வண்டி. என்னிடம் இருந்தது, யாரும் கவனிக்காமல் விட்டதால் பழசாகிப்போன வண்டி. இரண்டும் வேறு.

வந்த வாரத்தில் புதிதாக வந்த வண்டிக்குப் பிரேக் ஆயில் மாற்றினேன். வீட்டுக்கு வந்து நீல நோட்டை எடுத்தேன். அப்பா எழுதிய கடைசி வரிக்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டு, தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த பணம் என்று நான்கு கட்டத்தையும் நிரப்பினேன். என் கையெழுத்து அவருடையதைப்போல் அழகாக இல்லை.

சித்திரைத் தேருக்கு முதல் நாள் வண்டியை எடுத்து அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு வந்தேன். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "புது வண்டியா?" என்று கேட்டார்.

"இல்லை, பழைய வண்டிதான்" என்றேன்.